உ. வே. சாமிநாதையரின் அடக்கமும் ஆற்றலும்

தம் ஆற்றலைத் தாமே எடுத்துரைத்தல் புலவர்க்குத் தகாது என்பது தமிழ் மரபு. சிறப்புப்பாயிரத்தைப் பிறர் செய்வதும் இதனாலேயே. ஆயினும் நன்னூலார் இதற்கு நான்கு விலக்குகள் கூறுவர். மாற்றார் தம்மைப் பழித்தவிடத்துத் தற்புகழ்ச்சி தகும் என்பது அவற்றுள் ஒன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) இவ்விலக்கினையும் வேண்டாது விடுத்தவர். 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தபின் கண்டனங்கள் பல எழுந்தன. அவர் மறுப்புரை எழுதிக் காலம் போக்கினாரல்லர். 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார்.

இவ்வடக்கத்தை அவையடக்க மரபின் எச்சம் எனக் கொள்ளுதல் பொருந்துமா? அவையடக்கம் காப்பிய உறுப்பு. நூல் தொடங்கியதும் அதன் பணி முடிந்துவிடும். ஐயரது அடக்கமோ அவருடைய பதிப்பு முறையாகவே அமைந்துள்ளது. சிந்தாமணியின் சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சைனர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அதனை மறைக்காது எழுதினார். கொண்ட பாடத்தோடு பிற பாடங்களையும் பதிப்புக்களில் காட்டினார். தம் துணிபே முடிந்த முடிபன்று என்று கற்பார்க்கு உணர்த்தும் செயல் இது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. தம்மைப் பற்றி அவர் குறைத்துக் கூறியவற்றை அவ்வாறே மதிப்பீடாகக் கொள்வோமாயின், அவர் ஏடு தேடிக் காத்தவராக மட்டுமே நமக்குத் தோன்றுவர். இது பிழைபட்ட முடிபாகும். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆண்டு ஐயர் ஒதுங்கி நின்றார். மணிமேகலைக்குப் பழையவுரை இல்லை. 1898-இல் அதனைப் பதிப்பித்தபோது அரும்பதவுரை தாமே எழுதினார். பௌத்த சமயச் செய்திகளையும் ஆராய்ந்து தொகுத்தளித்தார். ஒதுங்க வேண்டிய இடமும் முன்வர வேண்டிய இடமும் அறிதல் நுண்ணிய திறனாய்வாற்றல் உடையார்க்கே இயலும்.

தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட பின்னரே, 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதினார். அவ்வரலாற்றிலும் ஆசிரியரே பெரும்பகுதியில் ஒளிர்கின்றார்.

அடக்கம் அவர்க்கு அணி. அதனைச் சான்றாகக் கொண்டு அவர் புலமையைக் குறைத்து அளத்தல் ஆய்வாளராகிய நமக்குக் குறை. அவர் தம்மைப் பற்றி மொழிந்த சொற்களைக் கொண்டல்லாமல், அடிக்குறிப்புக்களிலும் அரும்பதவுரையிலும் ஆற்றிய செயலைக் கொண்டே அவரை அளத்தல் வேண்டும்.