ஆட்டத்தில் மாளும் உயிர்கள்

ஆட்டத்துக்குள்ளேயே நடக்கும் கதையொன்றை எழுத முற்படுகிற நாவலாசிரியனுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கதாநாயகன் அசுரனோடு பொருதுகிறான், வாள் ஒடிகிறது, வீழ்கிறான்; ஆனால் வீழ்ந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட முடியும் என்பது வாசகனுக்குத் தெரிந்திருக்கையில், அந்த வீழ்ச்சியில் அச்சத்துக்கோ அனுதாபத்துக்கோ இடமேது? மெய்நிகர் ஆட்டங்களைப் பற்றி இளைஞர்களுக்காக எழுதப்பட்ட விஞ்ஞான நாவல்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் ஏராளமாக வந்துள்ளன. அவற்றுள் நான் விரும்பிப் படித்த சிலவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, ஒவ்வோர் ஆசிரியரும் ஆட்டத்தில் நேரும் மரணத்துக்கு ஏதேனும் ஒரு விலையை நிர்ணயித்தே தீரவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறார் என்பதும், அந்த விலையை அவர் யாரிடமிருந்து வசூலிக்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய சமூகப் பார்வையை எடைபோட்டுவிடலாம் என்பதும் எனக்குத் தெளிவாகின்றன.

இந்தக் கற்பனை, கருவி தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே தோன்றிவிட்டது. ஸ்டான்லி வெயின்பாம் 1935-இல் எழுதிய சிறுகதையொன்றில், அணிந்தவனைப் பார்வைக்கும் கேள்விக்கும் மட்டுமன்றிச் சுவைக்கும் மணத்துக்கும் புலனாகும் ஓர் உலகத்துள் இட்டுச்செல்லும் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. 1950-இல் ரே பிராட்பரி, சுவர்களே ஆப்பிரிக்கப் புல்வெளியாக மாறும் ஒரு குழந்தைகள் அறையைப் படைத்து, அந்தப் புல்வெளிச் சிங்கங்களுக்குப் பெற்றோரையே இரையாக்கினார். ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968-இல் செய்துகாட்டியபோது, அதன் கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஜாரன் லேனியரின் கம்பெனி கையுறையும் கண்மூடியும் விற்கத் தொடங்கிய காலத்தை ஒட்டியே இளைஞர் நாவல் இந்தத் துறையில் துணிந்து இறங்கிற்று.

முதலில் இறங்கியவர்களுள் ஒருவரான அமெரிக்க எழுத்தாளர் விவியன் வான்டி வெல்டியை, இன்று பேசப்படுவதைவிட அதிகமாகப் பேசவேண்டும் என்பது என் கட்சி. 2002-இல் வெளிவந்த 'ஏர் அப்பாரண்ட்' என்ற அவருடைய நாவலில், பதினான்காவது பிறந்தநாளுக்குத் தந்தை கொடுத்த பரிசுச் சீட்டோடு ஜியானின் என்ற சிறுமி ஓர் ஆட்டக் கூடத்துக்குப் போகிறாள். குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு மாயாஜாலக் கதைகளையே எதிர்க்கும் ஒரு கூட்டத்தார் உள்ளே புகுந்து இயந்திரங்களைச் சேதப்படுத்திவிட, இனி அவளை வெளியிலிருந்து மீட்க வழியில்லாமல் போகிறது; அவளே ஆட்டத்தை வென்று, முடிசூடி, வெளியேற வேண்டும்; அதுவும் மூளை தாங்கக்கூடிய நேரத்துக்குள். ஆட்டத்தில் அவள் ஆடு மேய்க்கும் ஏழைப் பெண். இறந்துபோன அரசனின் வாரிசு என்று திடீரென அறிவிக்கப்பட்டு, பகைமை நிறைந்த அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். அங்கே ஒரு சொல் பிசகினால் மரணம். மரணத்துக்குப் பின் மீண்டும் அதே குன்று, அதே ஆடுகள், அதே செய்தி. முதல் முறை விஸ்தாரமாகச் சொல்லப்பட்ட காட்சி அடுத்த முறை பாதியாகச் சுருங்குகிறது. பிறகு இரண்டே வாக்கியங்களில் முடிகிறது. அந்தச் சுருக்கத்தின் வேகமே, நேரம் கழிந்துகொண்டிருக்கிறது என்ற பதைப்பை வாசகனுக்குள் செலுத்திவிடுகிறது. ஒவ்வொரு சாவிலிருந்தும் ஜியானின் கற்றுக்கொள்வது வாள்வித்தை அன்று. எதிரே நிற்கும் மனிதருக்கு என்ன வேண்டும், எதற்கு அவர் அஞ்சுகிறார் என்பதைத்தான் அவள் சிறிது சிறிதாக அறிகிறாள். இளம் வாசகர்களுக்கு இதைவிட நேர்த்தியாக ராஜதந்திரத்தைப் போதித்த கதையை நான் படித்ததில்லை.

ஜப்பானியரான ரெகி கவஹாரா விலையை நேராக உடலிலிருந்தே பிடுங்குகிறார். 2002-ஆம் ஆண்டுப் போட்டியொன்றுக்காக எழுதி, பக்க வரம்பை மீறிவிட்டதால் அனுப்ப முடியாமல், இணையத்தில் வெளியிட்டு வந்த 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' 2009-இல் அச்சேறிற்று. முதல் நாளன்று பத்தாயிரம் பேர் ஆட்டத்துக்குள் இருக்கையில், அதைச் சிருஷ்டித்த கயாபா வானளாவிய உருவில் தோன்றி, இனி வெளியேற முடியாதென்றும், உள்ளே மாண்டவரின் மூளையைத் தலைக்கவசமே பொசுக்கிவிடும் என்றும், விஷயம் அறியாத வீட்டார் கவசத்தைக் கழற்ற முயன்றதால் ஏற்கனவே 213 பேர் இறந்துவிட்டார்கள் என்றும் அறிவிக்கிறான். பின்பு எல்லாருக்கும் ஆளுக்கொரு கண்ணாடி கிடைக்கிறது. அதை எடுத்துப் பார்த்த கணத்தில் அவரவர் விரும்பிப் புனைந்த முகம் கரைந்து சொந்த முகம் வெளிப்பட, சற்றுமுன் வீரர்களும் அழகிகளுமாய் நிறைந்திருந்த சதுக்கத்தில் சாதாரண மனிதர்கள் ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்து நிற்கிறார்கள். வேஷம் கலைந்த பிறகே உயிர்ப்பயம் வருகிறது என்ற இந்த ஞானம் அபாரமானது. அதன் பின்னர் வரும் வாட்போர்களில் எனக்கு அத்தனை சுவாரசியம் ஏற்படவில்லை. இரண்டாண்டுகள் அசைவற்றுக் கிடக்கும் அந்த உடல்களை ஆஸ்பத்திரியில் யார் பேணினார்கள், தாய்மார் எப்படிக் காத்திருந்தார்கள் என்ற விசாரத்துக்கு முதல் பாகத்தில் போதிய இடமில்லை. கொடுமை முழுவதும் ஒரு தனி மனிதனின் விபரீத ஆசையாகவே நின்றுவிடுகிறது.

அந்தக் குறையை நிவர்த்திப்பதற்காகவே எழுதப்பட்டதுபோல் அமைந்திருக்கிறது, டப்ளினில் வாழும் சரித்திர ஆசிரியரான கானர் காஸ்டிக்கின் 'எபிக்'. 2004-இல் வெளியான இந்த நாவலில் மனிதர் குடியேறிய வேறோர் உலகத்தில் வன்முறை அறவே தடைசெய்யப்பட்டுள்ளது. கைநீட்டி அடித்தவனுக்கு நாடுகடத்தல் தண்டனை. ஆதலால் வழக்குகளும் உரிமைப் போட்டிகளும் யாவரும் ஆடியே தீரவேண்டிய ஓர் ஆட்டத்தில் தீர்க்கப்படுகின்றன. பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள், இரவெல்லாம் ஆட்டத்துக்குள் அற்ப விலங்குகளைக் கொன்று காசு சேர்க்கிறார்கள். பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பும் ஊருக்கு வேண்டிய சாதனங்களும் அந்தக் காசிலும் வலிமையிலும் தொங்குகின்றன. இங்கே ஒரு பாத்திரம் மாண்டால் எவருடைய மூளையும் பொசுங்குவதில்லை; ஆனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் பாழாகிறது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஆயுதங்களோடு உச்சியில் வீற்றிருக்கும் சிலரையோ யாராலும் அசைக்க முடிவதில்லை.

இந்த அமைப்பை எரிக் என்ற பையன் எதனால் கலைக்கிறான் என்பதில்தான் ஆசிரியரின் மேதை விளங்குகிறது. புதுப் பாத்திரம் படைக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கிட்டுக்கொள்ளச் சில புள்ளிகள் உண்டு. எல்லாரும் அவற்றைப் பலத்திலும் ஆயுதப் பயிற்சியிலும் இட்டுவிடுவதால் ஆட்டத்தில் திரிகிற மக்களெல்லாம் முகமற்ற சாம்பல் நிற உருவங்களாக இருக்கிறார்கள். தன் பழைய பாத்திரத்தை இழந்து மனம் வெறுத்த எரிக், சிண்டெல்லா என்ற பெண்ணைப் படைத்து, அத்தனை புள்ளிகளையும் அழகில் கொட்டிவிடுகிறான். போருக்கு உதவாத வீண் செலவு என்று பிறர் கருதும் அந்தக் காரியத்தின் விளைவாக, இதுவரை எவரையும் ஏறிட்டுப் பாராத ஆட்டத்துக் கடைக்காரர்களும் காவலர்களும் அவளிடம் நின்று பேசுகிறார்கள். பேச்சில் ரகசியங்கள் அவிழ்கின்றன. ஆட்டம் என்பது கொன்று சேர்ப்பதற்கு அப்பாற்பட்டு எவ்வளவு விரிந்தது என்பது அப்போதுதான் புலனாகிறது. பொருளாதார நிர்ப்பந்தம் மனிதரின் கற்பனையை எவ்வளவு தூரம் வறளச் செய்துவிடும் என்பதை இத்தனை சிறிய செயலொன்றால் உணர்த்திய நாவலை, இந்தத் துறையின் தலைசிறந்த படைப்பென்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

புகழில் எல்லாவற்றையும் விஞ்சியது எர்னஸ்ட் கிளைனின் 'ரெடி பிளேயர் ஒன்'. 2011-இல் பெரியவர்களுக்கென வெளியிடப்பட்டாலும், இளைஞர்க்கும் உகந்த நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் அலெக்ஸ் விருதை மறு ஆண்டே பெற்று, இளைஞர் நாவலாகவே உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வண்டி வீடுகளில் 2044-ஆம் ஆண்டில் வாழும் வேட் என்ற அநாதைப் பையன், குப்பைமேட்டில் புதைந்த ஒரு வேனில் ஒளிந்துகொண்டு பள்ளிக்கூடம் உட்பட யாவற்றையும் மெய்நிகர் உலகிலேயே காண்கிறான். அவ்வுலகைப் படைத்த ஹாலிடே இறக்கும்போது தன் செல்வமனைத்தையும் புதிர்களை விடுவிப்பவனுக்கு எழுதி வைக்கிறார். புதிர்களுக்கோ அவர் இளமையில் ரசித்த 1980-களின் படங்களையும் ஆட்டங்களையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். ஒரு கிழவரின் பால்யத்தை நெட்டுருச் செய்வதிலேயே ஒரு தலைமுறையின் வாலிபம் கழிந்துபோவதை ஆசிரியர் கொண்டாடுகிறாரேயன்றி, அதன் சோகத்தைக் காணவில்லை என்பது என் பெரிய குறை. எனினும் கடனாளிகளைப் பிடித்து ஒப்பந்த அடிமைகளாக வேலை வாங்கும் கம்பெனிக்குள் வேட் தானே வலியப் போய்ச் சிறைப்படும் பகுதி கூர்மையானது. தனியறையில் அடைந்து கிடந்து உடல் பருத்துப்போனவன், அன்றைய தேகப்பயிற்சியை முடித்தாலன்றி ஆட்டத்துள் நுழைய முடியாதவாறு தன் கருவிக்குத் தானே விலங்கிட்டுக்கொள்ளும் இடமும், வெளியே கிடக்கும் உடலை மறவாத ஆசிரியரைக் காட்டுகிறது.

பின்னால் வந்த ஜேம்ஸ் டாஷ்னரின் 'தி ஐ ஆஃப் மைண்ட்ஸ்' (2013), மரி லூவின் 'வார்கிராஸ்' (2017) இரண்டும் விறுவிறுப்பானவை. ஆட்டம் மனிதரின் சித்தத்தையே கைப்பற்றும் கருவியாகிவிடுமோ என்ற பயத்தைப் பின்னது நன்றாகவே எழுப்புகிறது. கோரி டாக்டரோவின் 'ஃபார் தி வின்' (2010) மெய்நிகர்க் கவசம் சம்பந்தப்பட்டதன்று. ஆயினும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விற்பதற்காக ஆட்டத்துக்குள் பொன் சேர்த்துக் கொடுக்கும் ஷென்சென் வாலிபர்களையும், தமிழர் பெருந்திரளாக வாழும் மும்பைத் தாராவியின் சிறுமி மாலாவையும் தொழிற்சங்கமாக ஒன்றுதிரளச் செய்து, விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அது போல் வெளிப்படையாகக் கேட்ட நூல் வேறில்லை.

எதிரியும் சாகிறானே என்று நினைத்தவர் டெரி பிராட்செட். வளைகுடா யுத்தம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தின் சாயல் படிந்த அவருடைய 1992-ஆம் ஆண்டு நாவலில், ஜானி என்ற சிறுவன் சுட்டுத் தள்ள வேண்டிய வேற்றுலகக் கப்பற்படை, நாங்கள் சரணடைகிறோம் என்று திரையில் செய்தி அனுப்பிவிடுகிறது. சரணடைந்தவரைச் சுட அவன் மனம் ஒப்பவில்லை; கனவின் வழியே ஆட்டத்துள் புகுந்து அவர்களை எல்லைவரை காத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கிறான்.

கனடாவின் மோனிகா ஹியூஸ் 1990-இல் எழுதிய 'இன்விடேஷன் டு தி கேம்' காலத்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கும் முந்தியது. 2154-ஆம் ஆண்டில் எந்திர மனிதர்களே எல்லா வேலைகளையும் செய்துவிடுவதால், பள்ளி முடித்த இளைஞர்கள் வேலையற்றோர் என முத்திரையிடப்பட்டு ஒரு வட்டாரத்துள் ஒதுக்கப்படுகிறார்கள். அவர்களுள் சிலருக்கு ஓர் ஆட்டத்துக்கு அழைப்பு வருகிறது: படுக்கையில் கிடந்தபடியே ஆளற்ற வனாந்தரத்தில் திரிகிறார்கள், உணவும் நெருப்பும் தேடப் பழகுகிறார்கள், ஆபத்து நெருங்கினால் விழித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை விழிப்பு வாய்க்கவில்லை. ஏனெனில் அது ஆட்டமன்று, தேவையற்றவர்களைக் குடியேற்ற அரசு தேர்ந்தெடுத்த வேறொரு கிரகம். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு ஓர் அரசு கண்ட பரிகாரமாக ஆட்டத்தைக் காட்டிய துணிவுக்காக ஹியூஸை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த இளைஞர்கள் புதிய மண்ணின் அழகில் மயங்கி, சம்மதம் கேளாமலே தங்களைக் கப்பலேற்றிய அரசை இத்தனை விரைவில் மன்னித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுள் ஒருவனாவது கடைசிப் பக்கம் வரை சினம் ஆறாமல் இருந்திருக்க வேண்டும்.