1986: பொற்காலம் என்று யார் சொன்னது?

ராலி பந்தயம் பற்றி எதை வாசித்தாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்கும் இடம் குரூப் பி. 1982இல் வந்து 1986ஓடு போய்விட்ட அந்த அசுர கார்களைப் பற்றி எழுதுகிற யாரும் ‘பொற்காலம்’ என்ற சொல்லை விடமாட்டார்கள். நானும் விடவில்லை, என் பழைய குறிப்பு ஒன்றில் அது இருக்கிறது. இப்போது 1986 சீசனைப் பந்தயம் பந்தயமாக எடுத்து வைத்துப் பார்த்தபிறகு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் கார்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். விதி எளிமையானது. 200 கார்கள் செய்து காட்டினால் அங்கீகாரம் கிடைக்கும். அதன்பின் இன்னும் முறுக்கேற்றிய வடிவம் 20 செய்தால் அதையே பந்தயத்துக்குக் கொண்டுவரலாம். லான்சியா டெல்டா எஸ்4 காரின் இன்ஜின் 1759 சிசி. ஏன் இந்த விநோதமான எண்? டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். பெருக்கினால் 2462 சொச்சம் வரும். 2500க்குள் அடங்கிவிடுகிறது, அந்தப் பிரிவில் குறைந்தபட்ச எடை 890 கிலோதான். இன்ஜினை வரைந்தவர் பக்கத்தில் சட்டப் புத்தகத்தையும் விரித்து வைத்திருந்தார் என்று தெரிகிறது இல்லையா? கீழ் வேகத்துக்கு சூப்பர்சார்ஜர், மேல் வேகத்துக்கு டர்போ என இரண்டையும் ஒரே இன்ஜினில் கோத்திருந்தார்கள். பெட்ரோல் டேங்க் இருந்தது இருக்கைகளுக்கு அடியில்.

ஜனவரியில் மான்டே கார்லோவை இந்தக் காரில்தான் ஹென்றி டொய்வொனன் ஜெயித்தார். இருபது வருஷத்துக்கு முன், 1966இல், அதே பந்தயம் அவருடைய அப்பா பௌலி டொய்வொனனுக்குக் கிடைத்தது; மினி கார்களை முகப்பு விளக்கு விவகாரத்தில் தகுதிநீக்கம் செய்ததால் வந்த வெற்றி அது. பின்னால் தேவைப்படும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, போர்ச்சுகல். சிந்த்ரா மலைப்பகுதி, லகோவா அசூல் ஸ்டேஜ். ஃபோர்டு ஆர்எஸ்200 ஓட்டிவந்த ஜோவாகிம் சாண்டோஸ், சாலையில் நின்றவர்களைத் தவிர்க்கப்போய்க் கட்டுப்பாட்டை இழந்தார். கார் கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். தொழிற்சாலை அணிகளின் ஓட்டுநர்கள் கூடிப் பேசி, இனி ஓட்டமாட்டோம் என்று விலகினார்கள். பந்தயம் நிற்கவில்லை. உள்ளூர்க்காரரான ஜோவாகிம் மௌடின்யோ ரெனோ 5 டர்போவில் ஜெயித்ததாகப் பட்டியலில் இருக்கிறது.

அந்தக் காலத்துப் போர்ச்சுகல் வீடியோக்களை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சாலை முழுக்க ஆட்கள், கார் வரும்போது திரை விலகுவதுபோல் விலகுவார்கள். ஒவ்வொரு முறையும் நான் பார்த்தது காரைத்தான். இந்தமுறைதான் விலகுகிறவர்களைப் பார்த்தேன். பொற்காலக் கட்டுரைகள் இதை ‘ரசிகர்களின் பைத்தியம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சாலையில் நின்றது அவர்கள் தப்பு, சரி. ஆனால் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தாமல் முதல் காரை அனுப்பியது யார்? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மே 2, கோர்சிகா. டொய்வொனன் முன்னிலையில் இருந்தார். கோர்த்தேவிலிருந்து டவெர்னா போகும் ஸ்டேஜில், தடுப்பு இல்லாத ஒரு இடது வளைவில் கார் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அவரும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்துபோனார்கள். சரியாக ஒரு வருடம் முன்பு, 1985 மே 2 அன்று, அதே கோர்சிகாவில் அதே லான்சியா அணியின் அத்திலியோ பெத்தேகா இறந்திருந்தார். சர்வதேச அமைப்பின் தலைவர் பலெஸ்த்ர் உடனடியாக, அடுத்த ஆண்டிலிருந்து குரூப் பி கிடையாது என்று அறிவித்தார்.

எனக்கு உறுத்துவது கிரெஸ்டோ. ‘டொய்வொனன் மரணம்’ என்றுதான் எங்கும் தலைப்பு. கோ-டிரைவரின் பெயர் இரண்டாவது பத்தியில் ‘உடன்’ என்ற சொல்லோடு வரும். ராலியில் அவர் ஏதோ துணைக்கு உட்கார்ந்திருப்பவர் இல்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அதற்குப் பின் என்ன என்று முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பை வாசித்துக்கொண்டே வருபவர். ஓட்டுநராவது சாலையைப் பார்க்கிறார். இவர் பாதி நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவர் கையை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரைத் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது என்றால் அது என்ன வரலாறு?

சரி, சாம்பியன் யார்? அதுவும் சாலையில் முடிவாகவில்லை. அக்டோபரில் சான்ரெமோவில், காரின் அடிப்பக்கப் பாவாடைத் தகடு விதிக்கு விரோதம் என்று பெஜோ கார்களை நடுவில் வெளியேற்றினார்கள். லான்சியாவின் மார்க்கு அலேன் ஜெயித்தார். டிசம்பரில் அமெரிக்காவின் ஒலிம்பஸ் ராலியையும் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். பதினொரு நாள். அதன்பின் சான்ரெமோ முடிவே செல்லாது என்று தீர்ப்பு வந்து, பட்டம் பெஜோவின் யுஹா கான்குனனுக்குப் போய்விட்டது. அலேனுக்கு அதன்பிறகு உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. 1966இல் அப்பா டொய்வொனனுக்கு வெற்றி வந்ததும் ஒரு மேஜையிலிருந்துதான். கான்குனன் மேல் குறையில்லை, அவர் மொத்தம் நான்கு முறை சாம்பியன். ஆனால் ‘மனிதனும் இயந்திரமும் மட்டும் மோதிய காலம்’ என்று எழுதுபவர்கள் இந்தப் பதினொரு நாளை எங்கே வைப்பார்கள்?

குரூப் பி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. 1993 ஆஸ்திரேலியாவில் ராட்ஜர் ஃப்ரீத், 2005 வேல்ஸில் மைக்கேல் பார்க். இரண்டு பேரும் கோ-டிரைவர்கள். பார்க் இறந்த அன்று செபாஸ்டியன் லோப் முதலிடத்தில் இருந்தார். அப்படியே முடித்திருந்தால் அன்றைக்கே உலகப் பட்டம். அவர் வேண்டுமென்றே சோதனைச் சாவடிக்கு முன்நேரத்தில் வந்து, இரண்டு நிமிட அபராதம் வாங்கிக்கொண்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கிக்கொண்டார். பட்டியலைப் புரட்டினால் ‘2005, வேல்ஸ், பெட்டர் சோல்பெர்க்’ என்று மட்டும்தான் இருக்கும்.