கூடம் கோணலா?

2022 பிப்ரவரியில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் மான்ட்ரியால் கனேடியன்ஸ் ஒரு காரியம் செய்தது. தன் பிள்ளைகளின் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த முன்னாள் நட்சத்திரம் மார்ட்டின் சான் லூயியைக் கூட்டிவந்து நேராகத் தலைமைப் பயிற்சியாளராக உட்கார வைத்தது. அவர் தேறிவிட்டார். 2025இல் அணியை பிளே-ஆஃப் சுற்றுக்கும் கொண்டுபோனார். இதை வைத்து, அதேபோல நேராகத் தலைமைப் பயிற்சியாளரான வெய்ன் கிரெட்ஸ்கிக்கு வக்காலத்து வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அவரும் நல்ல பயிற்சியாளர்தானாம், வாய்த்த அணிதான் சரியில்லையாம்.

ஆட்டக்காரர் கிரெட்ஸ்கியிடம் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 894 கோல், நான்கு ஸ்டான்லி கோப்பைகள். கோல்களையெல்லாம் தள்ளிவிட்டு, பிறர் கோலுக்கு அவர் எடுத்துக்கொடுத்த 1963 அசிஸ்ட்களை மட்டும் எண்ணினாலே வேறு எந்த வீரரின் மொத்தப் புள்ளியும் அதற்குக் கீழேதான். நிர்வாகியாகவும் 2002 ஒலிம்பிக்கில் கனடாவின் தங்கத்தில் அவருக்குப் பங்குண்டு. பயிற்சியாளரான முதல் சீசனிலேயே தாயைப் பறிகொடுத்தார் என்பதையும் மறக்கவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். 2005 ஆகஸ்டில், தானே பங்குதாரராக இருந்த ஃபீனிக்ஸ் கயோட்டிஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். நான்கு சீசன், 143 வெற்றி, 161 தோல்வி, கூடுதல் நேரத்தில் தோற்றவை 24. ஒருமுறைகூட பிளே-ஆஃப் இல்லை. பணமில்லாத முதலாளி, அனுபவமில்லாத பையன்கள், கடைசியில் திவால் மனு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவர்தான், ஆட்டுவிக்கத் தெரியவில்லை. கூடம் மட்டும் அதே கோணல்.

அந்தக் கூடத்தில் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2009 செப்டம்பர் 24 அன்று கிரெட்ஸ்கி விலகினார். அதே நாளில் டேவ் டிப்பெட் பொறுப்பேற்றார். சீசன் தொடங்கப் பத்து நாள்கூட இல்லை. அணி திவால் நீதிமன்றத்தில் கிடந்தது. முந்தைய சீசனில் 79 புள்ளி எடுத்த அந்த அணி 50 ஆட்டம் வென்று 107 புள்ளி எடுத்தது. சில புது ஆட்கள் வந்தார்கள், உண்மைதான். கோல்காப்பாளர் பிரிஸ்கலோவ் அந்த ஆண்டு மலைபோல நின்றார், அதுவும் உண்மை. ஆனால் அவர் கிரெட்ஸ்கியிடமும் இருந்தவர்தானே?

டிப்பெட் எதிராளியை மறித்துப் பிழைத்த வீரர். என்.எச்.எல்.லில் நூறு கோல்கூட அடித்ததில்லை. கீழ்நிலை லீக்கில் ஹூஸ்டன் அணியை நடத்தி மெல்ல மேலே வந்தார். என் நெடுநாள் ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது. கிரெட்ஸ்கி ஒரு நாள்கூட எவருக்கும் உதவிப் பயிற்சியாளராக இருந்ததில்லை. உதவியாளர் வேலை என்பது இரவில் உட்கார்ந்து வீடியோவை வெட்டுவது, நாலாம் வரிசைக்காரனுக்கு ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பார்ப்பது, எந்தச் சொல் அவன் காலில் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது. அங்கே தவறினால் வெளியே தெரியாது. முதல் நாளே தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் தவறினால் மறுநாள் பத்திரிகையில் வரும், அணியும் தோற்கும்.

கிரெட்ஸ்கிக்கு இந்த உதவியாளர் வேலை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. சிறுவயதில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது பக் எனும் ஹாக்கி வட்டு போகும் பாதையைத் தாளில் கோடாக இழுக்கச் சொல்லி வளர்த்தார் அப்பா வால்டர். எதிரணி வலைக்குப் பின்னால் கிரெட்ஸ்கி நிற்கும் இடத்தையே ரசிகர்கள் அவருடைய அலுவலகம் என்றார்கள். பக் எங்கே வரும் என்பது அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்தது. தெரியாதவனுக்கு அதை எப்படிச் சொல்வது? நட்டுவனார் அரங்கில் ஆடுவதில்லை. ஆனால் மாணவியின் எந்த அடி பிசகும் என்று அவருக்குத் தெரியும், தாளத்தை நிறுத்தித் திருத்தவும் தெரியும். ஸ்காட்டி போமன் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பயிற்சியாளராக ஒன்பது கோப்பைகள் வென்றார்.

நட்சத்திரங்களே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிரெட்ஸ்கியின் உதவியாளராக இருந்த ரிக் டாக்கெட் 400 கோலுக்கு மேல் அடித்தவர். பிறகு பிட்ஸ்பர்க்கில் உதவியாளராகவே 2016, 2017 கோப்பைகளைப் பார்த்தார். 2024இல் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் வாங்கினார். இன்னொரு நட்சத்திரம் ராட் பிரிண்ட்'அமூர் தலைமைப் பயிற்சியாளராகும் முன் கரோலினாவில் ஆண்டுக்கணக்கில் உதவியாளராகக் காத்திருந்தார். சான் லூயியோ இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவரும் எடுக்காத குள்ள வீரர். எதற்கு இங்கே நிற்கிறோம் என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டே ஆட்டத்தைக் கற்றிருப்பார். இது நான் பின்னோக்கிக் கட்டும் கதையாகவும் இருக்கலாம். இருந்தாலும் பிறவிக் கண் உள்ளவருக்கு அந்த விளக்கம் ஒருநாளும் தேவைப்பட்டிராது.

ஃபீனிக்ஸ் நிர்வாகம் இதையெல்லாம் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாலைவன ஊரில் பனி ஆட்டத்துக்கு டிக்கெட் விற்க 99ஆம் எண் சட்டைக்காரரான கிரெட்ஸ்கியின் முகம் பெஞ்சுக்குப் பின்னால் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். டிக்கெட்டும் விற்கவில்லை.

அதன்பின் கிரெட்ஸ்கி எந்த என்.எச்.எல். அணிக்கும் பயிற்சியாளராகவில்லை. 2021 முதல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆட்டத்தை விளக்குகிறார், நன்றாகவே விளக்குகிறார். கயோட்டிஸ் பையன்களிடம் 2005இல் அதைச் செய்யத் தொடங்கும் முன் அவருக்கு ஒத்திகை பார்க்க இடமே கிடைக்கவில்லை.