ஜன்னலோரத்து இடம்

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பாராட்டு இரண்டு வரி. மீதிப் பக்கம் முழுவதும் ஒரே ஒரு கேள்வி. "உங்கள் கதையில் வருகிற ஜார்க்கண்ட் பையனுக்கு, தாயார் சீக்காக இருப்பதாகப் போன் வருகிறது. மறுநாளே ரயில் ஏறுகிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து கோதாவரியைப் பார்த்து அழுகிறான். அழட்டும். அந்த இடத்துக்கு டிக்கட் எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் தெரிவித்தால் இங்கே பத்துப் பேருக்கு உபகாரமாக இருக்கும்."

இம்மாதிரிக் கடிதங்கள் எந்த எழுத்தாளனுக்கும் பிடிப்பதில்லை. அந்தக் கோதாவரிப் பக்கம் நான் மூன்று முறை திருத்தி எழுதியது. ஒரு விமர்சகர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டிப் பாராட்டியிருக்கிறார். 'கலைக்கும் டிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஆவேசமாக ஒரு பதில் எழுதி, நல்ல வேளையாகத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். கோபம் தணிந்ததும் திருப்பூருக்கே போய் வந்தேன். சேர்க்காத அந்தப் பதிலுக்கு இந்தக் கட்டுரைதான் மறுப்பு.

கடிதக்காரர் என்னை ரிசர்வேஷன் கவுண்டருக்கு அழைத்துக்கொண்டு போனார். பேரேட்டைப் பிரித்துக் காட்டுவதுபோல் விஷயத்தை விளக்கினார். பிரயாண நாளுக்கு 120 நாள் முன்னதாக ரிசர்வேஷன் செய்யலாம் என்று இருந்ததை, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆலப்புழையிலிருந்து புறப்பட்டு, ஒடிசா, ராஞ்சி வழியாகத் தன்பாத் போகும் எக்ஸ்பிரஸுக்குத் திருப்பூர் நடுவழி ஸ்டேஷன். நடுவழியில் ஏறுகிறவர்களுக்கான காத்திருப்புப் பட்டியல் வேறு. வண்டி புறப்படும் ஊர்க்காரர்களின் பட்டியல் வேறு. முன்னது நகர்வதைவிடப் பின்னது வேகமாக நகரும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஆலப்புழையிலிருந்தே டிக்கட் வாங்கி, ஏறுமிடத்தைத் திருப்பூர் என்று மாற்றிக்கொள்கிறார்கள். கேரளத்துப் பிரயாணம் காகிதத்தோடு சரி. ஆள் ஏறுவது திருப்பூரில்தான். பணம் கொஞ்சம் கூட ஆகும். ஆனால் படுக்க இடம் கிடைக்கலாம்.

"அப்படியானால் வழி இருக்கிறதே" என்றேன்.

"வழி இருக்குதுங்க. அறுபது நாளைக்கு முன்னாலயே லீவு தெரியோணுமில்லீங்களா?" என்றார்.

அந்த இடத்தில்தான் என் நாவலின் ஓட்டை எனக்குத் தெரிந்தது. பனியன் தொழிலில் நாள் குறிப்பது பஞ்சாங்கம் அல்ல, ஷிப்மெண்ட். வெளிநாட்டு வியாபாரி கேட்ட தேதி நெருங்கினால், கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாருடைய நாட்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பீஸ் ரேட்டில் தைக்கிறவனுக்குச் சரக்கு லாரி ஏறிய பிறகுதான் தன் லீவு எப்போது என்பது நிச்சயமாகும். வருகிற வியாழக்கிழமை தன்னுடையதா என்று தெரியாதவனிடம் ரயில் அறுபதாம் நாளைப் பற்றிக் கேட்கிறது. தாயாரின் காய்ச்சலும் இரண்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டு வருவதில்லை.

மிச்சம் இருப்பது தத்கால். அது முந்தின நாள் காலையில், குளிர்சாதன வகுப்புக்கு 10 மணிக்கும் படுக்கை வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் அதை வாங்க ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். பதினொரு மணிக்குத் தையல் மிஷினில் இருப்பவன், கூலியை விட்டால்தான் வரிசையில் நிற்க முடியும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே 1994 முதல் கடலுக்கடியில் ரயில் ஓடுகிறது. அங்கே முன்கூட்டி வாங்குகிறவனுக்கு மலிவு. அவசரக்காரனுக்கு விலை ஏறும். நம் படுக்கை வகுப்பில் கட்டணம் அப்படி ஏறுவதில்லை, இடம்தான் தீர்ந்துபோகிறது. இரண்டு ஊரிலும் சலுகை ஒருவனுக்குத்தான்: நாளைய தினத்தைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கு.

இனி, இலக்கியத்துக்கு வருகிறேன். நம் கதைகளில் ரயிலுக்குக் குறைவில்லை. பாரதியார் 'ரயில்வே ஸ்தானம்' என்றே ஒரு கதைக்குத் தலைப்பு வைத்தார். ஆனால் அந்தத் தென்காசி ஸ்டேஷன், இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவருடைய குடும்பச் சிக்கலைப் பேசுவதற்கு ஏற்ற திண்ணைதான். பிற்காலத்தில் வந்த நாங்களும் அந்தத் திண்ணையைவிட்டு இறங்கவில்லை. எங்கள் பாத்திரங்கள் எல்லாரும் வண்டி நகரும்போதுதான் கதைக்குள் வருகிறார்கள். யாரும் வரிசையில் நிற்பதில்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட், 1913-இல் வெளிவந்த முதல் பாகத்தில், ஸ்வான் என்பவன் ரயில் கால அட்டவணையில் மூழ்கிக் கிடப்பதைக் காட்டுகிறார். காதலி போயிருக்கும் ஊருக்குப் போகும் வழியெல்லாம் அதில் இருக்கிறது. பணமும் பொழுதும் அவனிடம் ஏராளம். அவள் கோபித்துக்கொள்வாளோ என்ற பயத்தால் போகத் துணியவில்லை. பணக்காரனுக்குத் தடை மனசில் இருக்கிறது. அதைச் சொல்ல அந்த அட்டவணையே போதுமானதாக இருந்தது. கூலிக்காரனுக்குத் தடை வெளியில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவன், அதைத் தாண்டிக் குதித்து நேரே அவன் மனசுக்குள் போய்விட்டால் என்ன நியாயம்?

ஒவ்வொரு கதையிலும் கவுண்டரைக் காட்ட வேண்டும் என்று நான் கட்சி பேசவில்லை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' முழுவதும் ரயிலில் நடக்கிறது. ஒரு சிறுமி வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகிறாள். ஒரு பையன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். டிக்கட் வாங்கியது எப்படி என்று யாரும் கேட்க மாட்டோம். ஏனென்றால் அந்தப் பிரயாணம் அவள் தீர்மானித்ததல்ல என்பது அவள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. காட்டாமலே தெரிவித்தது அது. நான் செய்தது வேறு. தெரியாததை மறைத்துவிட்டு அதன்மேல் கோதாவரியை ஓடவிட்டேன்.

திரும்புவதற்குமுன் நண்பர் ஓர் ஓவர்லாக் டெய்லரிடம் என்னை அழைத்துப் போனார். தன்பாத் பக்கத்துப் பையன். தமிழ் நன்றாகவே பேசினான். அவனுக்கும் தாயார் சீக்கு என்று போன் வந்து, பொதுப் பெட்டியில் இரண்டு இரவு போயிருக்கிறான். கோதாவரியைப் பார்த்தாயா என்று கேட்டேன். "எந்த ஆறு சார்?" என்றான். கதவுக்கும் கக்கூஸுக்கும் நடுவில் நின்றுகொண்டே போனானாம். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று போனை அணைத்து வைத்திருந்தானாம். ஸ்டேஷன் வந்தால் மட்டும் போடுவான். தகவல் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி அணைப்பான். "ஸ்டேஷன் வந்தா பயம் சார். வண்டி ஓடினா பயமில்லே" என்றான். போய்ச் சேர்ந்தபோது தாயார் எழுந்து உட்கார்ந்திருந்தாளாம்.

நான் மூன்று முறை திருத்திய பக்கத்தில் இந்தப் பயம் ஒரு வரிகூட இல்லை. என் பையனுடைய துக்கம் ஜன்னலோரத்துத் துக்கம். அது என்னுடையது. முன்கூட்டி டிக்கட் வாங்கி, சாய்ந்து உட்கார்ந்து, ஆறுகளைப் பார்த்துப் பழகியவனின் துக்கம். இரக்கத்தோடுதான் அதை அவனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவனுடையதைப் பறித்துக்கொண்டேன் என்பதை எந்த விமர்சகரும் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவர் சொன்னார்.

அடுத்த பதிப்புக்காக அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன். ஜன்னலும் இல்லை, கோதாவரியும் இல்லை. புதிய பக்கங்களைத் திருப்பூருக்கு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. "இப்போது கணக்கு நேராகிவிட்டது. ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பையன் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறான். அந்த டிக்கட் எப்படிக் கிடைத்தது?"

அதைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.