பாதையில்லாப் பர்வதத்தில் பனிநடை

நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்ஸன் நதிக்கு மேற்கே பரந்து கிடக்கும் கேட்ஸ்கில் மலைத்தொடரில் 3,500 அடியைக் கடந்து நிற்கும் சிகரங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது. இவற்றையெல்லாம் ஏறி முடித்தவர்களுக்கென 1962-ல் தோன்றிய கேட்ஸ்கில் 3500 கிளப், நான்கு சிகரங்களைக் குளிர்காலத்தில் மறுபடியும் ஏறியாக வேண்டுமென்று ஒரு விதி வகுத்தது. வகுத்தவர்கள் மெய்யான ரசிகர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்குக்கும் பாதை உண்டு. பனியில் மலையேறும் கலையின் பூரண ரூபத்தைக் காண விரும்புகிறவன், ஏறத்தாழ 3,700 அடி உயரமுள்ள, பாதையற்ற ஃப்ரைடே மலையை, பனி இடுப்பளவு குவிந்து கிடக்கும் பிப்ரவரியில் நாட வேண்டும்.

இதற்குரிய சாதனம் ஸ்னோஷூ என்னும் பனிப் பாதரட்சை. க்ரீ, அல்காங்க்வின் முதலிய வட அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆஷ் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, பதனிடாத தோல்வாரால் அதில் வலை பின்னி, மனிதனுடைய பாரத்தைப் பனியின்மேல் பரப்பிவிடும் உபாயத்தைக் கண்டார்கள். வெட்டவெளியில் நடந்தவர்களுக்கு நீண்ட வாலுள்ளதும், நெருங்கிய காட்டில் திரிந்தவர்களுக்குக் கரடிப் பாதம் என்ற பெயருடைய குட்டை வடிவமும் உகந்தவை. மரச் சட்டத்தின் சௌந்தர்யத்துக்கு ஈடு இல்லைதான். ஆயினும் செங்குத்தான சரிவென்று வந்துவிட்டால், முன்பாதத்துக்கு அடியில் எஃகு நகங்களும், கெண்டைக்காலின் நோவைக் குறைக்கக் குதிகாலுக்கு அடியில் நிமிர்த்திக்கொள்ளும் கம்பியும் உடைய இக்காலத்துப் பாதரட்சையையே நான் தேர்வேன்.

ஏறும் வித்தையின் சூட்சுமம் அவசரமின்மையில் இருக்கிறது. புதுப்பனி படிந்த சரிவில் முன்னங்காலை உதைத்துப் பதித்தவுடனே பாரத்தை ஏற்றினால் படி உடைந்து சறுக்கும். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதற்கு ஒரு கணம் அவகாசம் கொடுத்தால் அதே படி நம்மைத் தாங்கும். தேர்ந்தவர் ஏறும்போது ஒவ்வோர் அடியிலும் இந்தச் சிறு தாமதம் ஒரு தாளமாகவே அமைந்துவிடுகிறது. முன்னே மிதித்து வழி திறப்பவர் களைப்பதற்கு முன்பே ஒதுங்கி நின்று, வரிசை கடந்தபின் கடைசியில் சேர்ந்துகொள்வது கிரமம். வியர்வை குளிர்காலத்தில் விஷத்துக்குச் சமானமாகையால், சற்றே குளிரும்படி உடுத்துத்தான் புறப்பட வேண்டும்.

இவையெல்லாம் உடலின் காரியம். அறிவுக்கும் ரசனைக்கும் உரிய பகுதி, மலையை வாசிப்பது. கோடையில் மேப்பிளும் பீச்சும் இலை செறிந்து மறைத்திருக்கும் மலையின் எலும்புக்கூடு, இலையுதிர்ந்த குளிர்காலத்தில்தான் கண்ணுக்குப் புலனாகிறது. கேட்ஸ்கில் மலைகள் டெவோனியன் யுகத்தில் ஆறுகள் கொண்டுவந்து கிடைமட்டமாகப் படியவைத்த மணலும் களியும் பாறையாகி, பின்னர் நீரால் அறுக்கப்பட்டவை. மென்மையான களிப்பாறை கரைந்துபோக, கடினமான மணற்பாறை விளிம்பாக எஞ்சி நிற்கிறது. ஆகவே ஃப்ரைடேயின் கிழக்கு முகம், ஒவ்வொரு படியும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட கோயில் குளத்துப் படிக்கட்டுப்போல், பாறை வரிசைகளாக அடுக்கடுக்காக எழுகிறது. தேசப்படத்தின் உயரக் கோடுகள் 20 அடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருப்பதால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 அடிப் பாறை சுவடின்றி ஒளிந்துகொள்ளும். படம் காட்டாததைக் கண்தான் காண வேண்டும்: கசிவுநீர் உறைந்து நீலப் பனிக்கட்டியாகத் தொங்கும் இடத்தை விலக்கி, பாறையின் அடியோரமாகவே நடந்து, காற்று பனியை வாரி நிரப்பிச் சாய்தளமாக்கியிருக்கும் ஒரு பிளவைக் கண்டுபிடித்து, அதன்வழி மேல்தட்டை அடையும்போது உண்டாகும் ஆனந்தம், வெட்டிவைத்த பாதையில் செல்பவனுக்கு எந்த ஜன்மத்திலும் கிட்டாது என்றே சொல்லுவேன்.

உயரம் கூடக்கூட பீச்சும் மேப்பிளும் பின்தங்கி, வெண்பட்டை பிர்ச் மரங்கள் தோன்றி, முடிவில் ஸ்ப்ரூஸும் பால்சம் ஃபிரும் நெருங்கிய இருண்ட காடு சூழ்ந்துகொள்கிறது. கோடையில் காலை இடறும் புதரெல்லாம் இப்போது காலடியில் புதைந்து கிடக்க, அப்போது தலைக்கு மேலிருந்த கிளைகள் இப்போது முகத்துக்கு நேராக வருகின்றன. பனி நம்மை மாடிக்கு உயர்த்திவிடுகிறது. இங்கே பெரிய அபாயம், நுனி மட்டும் தெரியும் சிறு மரம். அதன் கிளைகள் பனியை மேலேயே ஏந்திக்கொள்வதால் அடியில் பொந்து விழுந்திருக்கும். அருகில் மிதித்தவன் மார்பளவு இறங்கிவிடுவதோடு, பாதரட்சையும் கீழ்க்கிளைகளில் சிக்கிக்கொள்ளும். ஆதலால் குட்டை மரத்தைச் சுற்றிச் செல்வதும், பெருமரங்களின் நடுவெளியைத் தேடுவதும் அங்கே நடையின் இலக்கணமாகின்றன.

திசை காட்ட இன்று ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அவசரத்துக்காக அது பையில் கிடக்கட்டும். முந்தியவர் விட்டுப்போன கோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே ஏறுவது, பிறர் தீர்த்த கணக்கை நகலெடுப்பதன்றி வேறென்ன? அப்பிரதேசத்தில் உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரி மேற்கே விலகும் காந்த ஊசியைத் திருத்திக்கொண்டு, சரிவின் போக்கைக் காலால் உணர்ந்து செல்பவனுக்கே மலை தன்னைக் காட்டுகிறது. சிகரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரங்களுக்கிடையே கிளப் பொருத்திவைத்த குப்பி ஒன்று. அதற்குள் பெயரெழுத ஒரு குறிப்பேடு. கீழே, மரம் விலகிய ஒரு பாறை விளிம்பில், நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் அஷோக்கன் ஏரி வெள்ளைத் தகடாகத் தெரியும்.

இறங்கும்போது ஏறிய தடத்தின் வழியாகவே வருவதை நான் பெரிதும் விரும்புகிறேன். காலையில் செய்த யோசனையெல்லாம் அங்கே பனியில் பதிந்திருக்கும்: பாறையின் கீழ் இடப்புறம் தேடித் திரும்பி வலப்புறம் சென்றது, ஒரு ஃபிர் மரத்தை வேண்டியதற்கு மேல் விலகிச் சுற்றியது, சரிவில் நேரே ஏறிக் களைத்துப் பின்பு குறுக்காகச் சென்றது. ஏறியவருடைய தரத்தைச் சீர்தூக்க இதைவிட நல்ல சாசனம் இல்லை. நான் முதலில் பார்ப்பது தடம் திரும்பும் இடத்தை. பாறைச்சுவரில் போய் முட்டிக்கொண்டபின் திரும்பியவர் வலிமையுள்ளவர். சுவர் தெரிவதற்கு இருபதடி முன்னமே, சரிவு சற்றே நிமிர்வதைக் கொண்டு ஊகித்து மெல்ல வளைந்தவர் கைதேர்ந்தவர்.