கடையத்துப் பிள்ளையும் நாக்பூர் அளவுகோலும்

கற்றல் குறைபாடு பற்றிய குறிப்புகளைச் சில மாதங்களாகச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். நான் உளவியலாளன் இல்லை. தமிழ் எழுத்தைப் பிள்ளைகள் எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் அக்கறை. அந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது, ஒரு பிள்ளையைச் சோதித்து எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கையையும் ஒரு பிரதியாக வைத்து விமர்சிக்க வேண்டும் என்று தோன்றியது. யார் எழுதியது, எந்த மொழியில் யோசித்தது, யாரை மனதில் வைத்தது என்று கதைகளிடம் கேட்கிற கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். சொல்லப்போனால் இதனிடம்தான் கட்டாயம் கேட்கணும். ஒரு பிள்ளையின் பத்து வருஷப் படிப்பு இந்த நாலு பக்கத்தில் தொங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். உளவியலாளர் நுண்ணறிவு ஈவை, நாம் சாதாரணமாக ஐ.கியூ. என்கிறோமே அதை, அளக்க வேண்டும். அது 85க்கு மேல் இருந்தால் சிறப்பாசிரியர் நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பை வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ். 14 வயதிலும் 18 வயதிலும் மறுசோதனை உண்டு. 2024ல் இந்த நெறிகள் திருத்தப்பட்டன. ஆனால் நடைமுறையில் ஊறிப்போன வழக்கம் 2018 சொன்னதுதான்.

சான்றிதழ் கிடைத்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஆகவே அந்த 85 சும்மா ஒரு எண் இல்லை.

எதை வைத்து அளக்கிறார்கள்? 2018 நெறிகள் பெயர் சொன்ன கருவிகளில் ஒன்று மாலின் அளவுகோல். அமெரிக்காவில் 1949ல் வெளிவந்த வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை இந்தியாவுக்கென்று மாற்றி, 1969ல் நாக்பூரில் ஆர்தர் மாலின் செய்தது. ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் செய்தார். தமிழில் செய்யவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்தார். நம் ஊர்களில் பரவலாகப் புழங்கும் இன்னொன்று பினே-காமத் சோதனை. தார்வாரில் வி.வி. காமத் 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து உருவாக்கியது. புதிய வெக்ஸ்லர் பதிப்புகளும் இந்தியாவுக்கு வந்திருக்கின்றன, ஆனால் விலை அதிகம்.

இப்போது கடையத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வோம். அம்மா பீடி சுற்றுகிறாள். தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறி உளவியலாளர் முன்னால் உட்கார வைக்கிறாள். சோதனையின் சொற்பகுதியில் சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள், இரண்டு பொருளுக்குள் என்ன ஒற்றுமை என்பார்கள், பொது அறிவுக் கேள்வி கேட்பார்கள். கருவி தமிழில் இல்லாததால் உளவியலாளர் அந்த இடத்திலேயே தமிழில் சொல்லிக் கேட்கிறார். மனசாட்சியுள்ள எவரும் அப்படித்தான் செய்வார். ஆனால் ஒரு சொல் ஆங்கிலத்தில் எவ்வளவு கடினமோ அதே அளவு தமிழிலும் கடினமாக இருக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. எளிதான கேள்வியிலிருந்து கடினமான கேள்விக்குப் போகும் படிக்கட்டு மொழிபெயர்த்ததுமே குலைந்துவிடும்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பிழையும் வேலை செய்கிறது. ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டியது இது: தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, பத்தாண்டுக்கு மூன்று புள்ளி போல. அதாவது பழைய அளவீட்டை வைத்து இன்றைய பிள்ளையை அளந்தால் எண் கூடுதலாக வரும். பழைய அளவுகோல் ஏற்றிவிடுகிறது, போகிற போக்கில் செய்த மொழிபெயர்ப்பு இறக்கிவிடுகிறது. எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. கடைசியில் அறிக்கையில் 83 என்று வருகிறது. 85க்குக் கீழே, ஆகவே கற்றல் குறைபாடு இல்லை. 70க்கு மேலே, ஆகவே அறிவுசார் குறைபாடும் இல்லை. ‘மெதுவாகக் கற்பவர்’ என்று ஒரு சொல் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு சலுகையும் கிடையாது. பிள்ளை வந்த மாதிரியே திரும்பிப் போகிறது. அம்மாவுக்கு ஒரு நாள் பீடிக்கூலி போயாச்சு.

ஐ.கியூ.வுக்கும் வாசிப்புக்கும் இடையே இருக்கும் இடைவெளியை வைத்துக் கற்றல் குறைபாட்டைத் தீர்மானிக்கும் முறையையே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டுவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லணும். அதே கையேடு இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது: பாடம் நடக்கும் மொழியில் தேர்ச்சி இல்லாததாலோ, சரியாகக் கற்பிக்கப்படாததாலோ வரும் சிரமத்தைக் கற்றல் குறைபாடு என்று சொல்லக்கூடாது. வீட்டில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாத, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற நம் பிள்ளைகளை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்தவர்களிடம் ‘கற்பிக்கப்பட்டதா’ என்ற கேள்வியை முதலில் கேட்காத அறிக்கை எனக்குப் பொருட்டே இல்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

2007ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்தியப் பெற்றோருக்கு டிஸ்லெக்சியா என்ற சொல்லைக் கொடுத்தது. நல்ல படம், நன்றிக்குரிய படம். ஆனால் சொல்லோடு சேர்த்து ஒரு அடையாளத்தையும் கொடுத்துவிட்டது: ஆங்கிலச் சின்ன ‘பி’யையும் ‘டி’யையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றிப் போடுவது. இன்றைக்கும் பள்ளிகளில் ஒட்டியிருக்கும் அறிகுறிப் பட்டியல்களில் அதுதான் முதல் வரி. தமிழில் அப்படி ஒரு ஜோடி எழுத்தே கிடையாது. நம் எழுத்தின் தொல்லைகள் வேறு. ‘கெ’ எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் வருகிறது, உச்சரிப்பில் பின்னால் வருகிறது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் மறுபக்கமும் நிற்க, நடுவில் க மாட்டிக்கொள்கிறது. ‘கௌ’வின் கடைசித் துண்டு ளகரமா என்பதைப் பிள்ளை ஊகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே தடுமாற வேண்டும் என்று எழுத்தே சொல்லிக்கொடுக்கிறது. அறிகுறிப் பட்டியலில் இவை ஒன்றும் இல்லை. (ரகர றகரக் குழப்பத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதை அறிகுறி என்றால் பாதித் தமிழ்நாட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும்.)

இதைவிட முக்கியமானது வேகம். 2001ல் பவுலேசுவும் குழுவினரும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்சியாக்காரர்களின் மூளைச் செயல்பாட்டில் ஒரே மாதிரியான குறை தெரிந்தது. ஆனால் வாசிப்பில் இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விட நன்றாகச் செய்தார்கள். இத்தாலிய எழுத்து எழுதியபடி வாசிக்கக்கூடியது என்பதுதான் காரணம். ஜெர்மன் பிள்ளைகளிடமும் இதே கதை: தவறு குறைவு, வேகம் மிகக் குறைவு. தமிழும் பெரும்பாலும் எழுதியபடி வாசிக்கும் எழுத்துதான். அப்படியானால் தமிழ்ப் பிள்ளையிடம் எண்ண வேண்டியது எத்தனை தப்பு என்பதை அல்ல, எத்தனை நிமிஷம் என்பதை. எழுத்தெழுத்தாகக் கூட்டி, கடைசியில் சரியாகவே வாசித்து முடிக்கும் பிள்ளையைத் தப்பு எண்ணும் சோதனை ‘பரவாயில்லை’ என்று அனுப்பிவிடும். அந்தப் பிள்ளைதான் ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடத்தின் முன்னால் விழும்.

கன்னட எழுத்தைப் பற்றி சோனாலி நாக் செய்த ஆய்வு இன்னொரு எச்சரிக்கை தருகிறது. இத்தகைய பெரிய எழுத்துத் தொகுதியைப் பிள்ளைகள் முழுதாகக் கைக்கொள்ள நாலாம் வகுப்பு வரைகூட ஆகிறது. நமக்கு 247. இரண்டாம் வகுப்பில் சில உயிர்மெய்கள் தெரியவில்லை என்பதற்காகக் கிளினிக்குக்கு ஓட வேண்டியதில்லை.

அடுத்தது பேச்சு. பாடப்புத்தகத்தில் ‘அப்பா சொல்கிறார்’ என்று இருக்கிறது. கடையத்துப் பிள்ளை அதைப் பார்த்து ‘அப்பா சொல்லுதாவ’ என்று வாசிக்கிறது. சோதனைத் தாளில் இது மாற்றி வாசித்த பிழை, ஒரு மதிப்பெண் போச்சு. யோசித்தால் அந்தப் பிள்ளை எவ்வளவு வேலை செய்திருக்கிறது! எழுத்தைப் படித்து, பொருளைப் பிடித்து, மரியாதை விகுதியைக்கூட விடாமல் தன் மொழிக்கு மாற்றியிருக்கிறது. கென்னத் குட்மன் 1960களிலேயே, பொருளைக் காப்பாற்றும் பிழையும் பொருளைத் தொலைக்கும் பிழையும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார். நெல்லைத் தமிழ் காதில் ஏறாத ஒருவர் சோதித்தால் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும்.

உளவியலாளர்களைத் தாக்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் கையில் கொடுத்த கருவியைத்தான் அவர்கள் பயன்படுத்த முடியும். மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம் இந்திய மொழிகளுக்கென்று டிஸ்லெக்சியா சோதனை உருவாக்கியபோது முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த முதல் வரிசையில் இல்லை. செம்மொழி என்று மேடை போட்டு முழங்கும் ஊரில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிஷத்துக்கு எத்தனை தமிழ்ச் சொல் வாசிக்க வேண்டும் என்ற எண்ணைக் கேட்டால் எத்தனை பள்ளிக்கூடம் சொல்லும்?

அதுவரை பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. கண்ணும் காதும் பார்த்தாச்சா? வாசிப்பை எந்த மொழியில் சோதிச்சீங்க? தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கொடுத்துக் கடிகாரம் வைத்துப் பார்த்தீங்களா? வாசிச்ச கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா? ஐ.கியூ. கேள்விகளைத் தமிழில் கேட்டிருந்தால் அதை அறிக்கையில் எழுதியிருக்கீங்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ‘மொழிபெயர்த்துக் கேட்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் 83ஐ 85ஆகப் பார்க்கச் சொல்லி வாதாட ஒரு பிடி கிடைக்கும். மொழித்தாள் விலக்குக்கும் இதே கதைதான். எந்த மொழிக்கு விலக்கு என்று முடிவு செய்ய இரண்டு மொழியிலும் சோதித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் தமிழிலிருந்து விலக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அறிக்கையின் முதல் பக்கத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு பகுதி வரும். பெற்றோருக்கு வாசிப்பில் சிரமம் இருந்ததா என்று கேட்பார்கள். டிஸ்லெக்சியா குடும்பவழி வருவது என்பதால் சரியான கேள்விதான். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன, பீடி சுற்றும் அந்த அம்மா என்ன பதில் சொல்வாள்? நின்றது வீட்டு நிலைமையாலா, எழுத்து ஏறாததாலா என்று அவளை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்க்கலாம் என்றாலோ, பெரியவர்களின் தமிழ் வாசிப்பை அளக்க அந்த மேஜையில் எதுவும் இல்லை. அவள் ‘இல்லை’ என்கிறாள். உளவியலாளர் கட்டத்தில் அதையே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.