மேசையும் குளியல் தொட்டியும்

நிக் வுயிசிக் பேசும் காணொளியை நீங்களும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். கைகால்கள் இல்லாமல் பிறந்த ஆஸ்திரேலியர். மாணவர்கள் முன்னால் மேசைமேல் நின்று பேசிக்கொண்டே இருப்பவர், திடீரென்று குப்புற விழுந்து கிடப்பார். இனி எப்படி எழுவது என்று கேட்பார். அரங்கம் கப்சிப். பிறகு நெற்றியை ஒரு புத்தகத்தின் மேல் ஊன்றி, உடம்பை இழுத்து எழுந்து நிற்பார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுவார்கள். தன்முனைப்பு முகாம்களுக்குப் போய் வளர்ந்த நமக்கு இந்த அழுகை புதிதல்ல.

2010-இல் வந்த அவருடைய ‘லைஃப் வித்தவுட் லிமிட்ஸ்’ நூலும் இந்த மேசைக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறது. விழுகிறார், எழுகிறார், பாடம் சொல்கிறார். விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்து யோசிக்க நூலுக்குப் பொறுமையே இல்லை.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. பத்து வயது நிக், குளியல் தொட்டியில் உயிரை விட்டுவிட முயல்கிறான். அப்போது அப்பா, அம்மா, தம்பி மூவரும் தன் கல்லறை அருகே அழுவது மனக்கண்ணில் வருகிறது. நிறுத்திக்கொள்கிறான். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவனிடம் கனவோ இலக்கோ தன்னம்பிக்கையோ எதுவுமில்லை. எல்லைகளற்ற வாழ்க்கை என்று தலைப்பு வைத்த நூலில், அவனைக் காப்பாற்றியது ஓர் எல்லைதான்: இவர்களை இதற்குமேல் அழவைக்க முடியாது.

என் பார்வையில் நூலின் இலக்கியத் தருணம் இதுதான். நூலே இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வருத்தம். பெற்றோரையும், ‘நீ பேசப் போ’ என்று தூண்டிய பள்ளித் துப்புரவுப் பணியாளரையும் அது மறக்கவில்லை. கடவுளுக்கும் நன்றி சொல்கிறது. ஆனால் வாசகருக்குப் பாடம் என்று வரும்போது, இத்தனை பேரும் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். உன் மனநிலையை மாற்று, வாழ்க்கை மாறும் என்பது மட்டும் மிஞ்சுகிறது. அப்படியென்றால் எழ முடியாதவன்? அவன் மனநிலை சரியில்லை, அவ்வளவுதானா?

இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே கேட்டவர் ஸ்டெல்லா யங். நிக் பிறந்த அதே 1982-இல், அதே விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். சக்கர நாற்காலியில் இயங்கிய பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர். மெல்பர்ன் பள்ளியொன்றில் இருபது நிமிடம் பாடம் நடத்திய பிறகு ஒரு மாணவன், “உங்க ஊக்கப் பேச்சை எப்போ ஆரம்பிப்பீங்க?” என்ற பாணியில் கேட்டானாம். மாற்றுத்திறனாளி என்றாலே நமக்கு ஊக்கம் தர வந்தவர் என்று அவன் நம்பியிருக்கிறான். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாகிவிடாது என்று 2014-இல் சிட்னி மேடையில் ஸ்டெல்லா கிண்டலடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். வயது 32.

நிக் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பட்டது நிஜம், மேசையில் எழுவதும் நிஜம். அந்தப் புத்தகத்தை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று அரங்கம் கேட்பதில்லை என்பதே என் குறை.

நூலை வாசியுங்கள், குளியல் தொட்டிப் பகுதிக்காகவாவது. கையோடு ஸ்டெல்லாவின் 9 நிமிடப் பேச்சையும் கேட்டுவிடுங்கள். அடுத்த முகாமில் பக்கத்து நாற்காலிப் பிள்ளை அழும்போது, அது எதற்காக அழுகிறது என்று அதனிடமே கேட்கத் தோன்றலாம்.